எந்த ஊரை எழுப்பப் போகிறோம்?

எளாவூர் என்றால் பலருக்கும் சோதனைச் சாவடிதான் ஞாபகத்துக்கு வரும். சென்னையிலிருந்து கல்கத்தா போகிற நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி தாண்டியதும் ஒரு சின்ன நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கலாம். அங்கிருந்து கிழக்கே போனால் சுண்ணாம்புக்குளம், அப்புறம் பழவேற்காடு ஏரியின் மேற்குக்கரை. உப்புக் காற்றும் வேலி முள்ளும் பனைமரமுமாக இருக்கிற அந்தப் பக்கத்துக் காலனி ஒன்றில்தான் நான் பிறந்தேன்.

சில வருசங்களுக்கு முன்னால் எங்கள் காலனிக்கு ஓர் இளைஞர் வந்தார். படித்தவர், நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர், பேச்சில் கபடம் இல்லாதவர். கிராமம் செத்துக்கொண்டிருக்கிறது, அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்றார். இளைஞர்கள் எல்லாம் சிப்காட்டில் காண்ட்ராக்ட் கூலிக்குப் போகிறார்கள், முகத்துவாரம் மணல் மூடித் தண்ணீர் கெடுகிறது, இறாலுக்கு வியாபாரி வைத்ததுதான் விலை. இதையெல்லாம் மாற்றலாம், ஏரியைக் காக்க முன்னோர்கள் ஏற்படுத்திய முறையையே மீட்டெடுக்கலாம், நண்டுக்கும் இறாலுக்கும் சென்னையில் நேரடிச் சந்தை பிடிக்கலாம் என்று வரைபடம் காட்டி விளக்கினார். தன்னைச் சமூகத் தொழில்முனைவோர் என்று சொல்லிக்கொண்டார். அந்தச் சொல் எங்கள் சனங்களுக்குப் புதுசு.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் அத்தை கேட்டாள்: "எந்த ஊர சார் எழுப்பப் போறீங்கோ? அங்க கீற ஊரையா, எங்க காலனியையா?"

அவர் சிரித்தபடி, "எல்லாம் ஒரே ஊர்தானேம்மா" என்றார்.

"ஒரே ஊரா இருந்தா எதுக்கு சார் ரெண்டு பேர் வெச்சிருக்காங்கோ?"

அவரிடம் பதில் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் பதில் தெரியவில்லை. அதுவும் அந்தக் கேள்வியை அத்தை கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஏரியின் கதை. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்களைப் பாடு என்று பிரித்து வைத்திருப்பார்கள். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் சுத்துவலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முடிவு செய்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மட்டமான இடம் கிடைக்கலாம். முறை சுற்றி வருவதால் எவனும் நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கி ஏரியை வழித்தெடுக்கவும் முடியாது. சர்க்காரோ கோர்ட்டோ இல்லாமல் சனங்களே நடத்திக்கொள்கிற ஏற்பாடு. ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். வியப்பதற்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் சீட்டில் யார் பெயர் எழுதப்படும்? பட்டினவர் சாதியில், அந்தந்தக் குப்பத்தில், தலைக்கட்டாகக் கணக்கில் வந்த ஆண்களின் பெயர்தான். பெண்களின் பெயர் வராது. எங்கள் பெயர் வராது. இருளர்களின் பெயர் வராது. ஏரியில் இறங்காதவர்களா நாங்கள்? அத்தை பன்னிரண்டு வயதிலிருந்து இறங்குகிறாள். முட்டிக்கால் ஆழத் தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவி, அகப்பட்ட இறாலை வாயில் கடித்திருக்கிற பறிக்குள் போடுவாள். இருளர் பெண்களும் அப்படித்தான். வலையும் படகும் கிடையாது. விரல்களில் முள் கிழித்த தழும்பும், நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறின உடம்பும்தான் மிச்சம். பாடு இல்லாத இடத்தில், மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட ஓரத்தில்தான் அவர்கள் தடவ முடியும். 'முன்னோர் ஏற்படுத்திய முறை' என்று அந்த இளைஞர் சொன்னபோது, எவனோட முன்னோர் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது.

உள்ளே இருப்பவர்களுக்குள் இவ்வளவு நியாயமாக இருக்கிற ஓர் ஏற்பாடு, வெளியே நிற்பவர்களுக்கு இவ்வளவு அநியாயமாக இருக்க முடியுமா? முடியும். கிராமம் என்பதே அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. ஊருக்குள்ளே உறவு, மொய், கூழ் ஊற்றுதல், ஒருவன் வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைதல். அந்த அன்பை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ஊர் தன்னை ஊர் என்று சொல்லிக்கொள்ள எதிரே ஒரு சேரி தேவைப்பட்டது என்பதுதான் நான் சொல்ல வருவது.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இந்தியக் கிராமங்களைக் குட்டிக் குடியரசுகள் என்று மெட்காஃப் போன்ற வெள்ளைக்காரர்கள் புகழ்ந்ததை நம்பி, கிராமத்தை அடிப்படையாக வைத்து அரசியல் சட்டம் எழுதவில்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அறியாமையும் குறுகிய புத்தியும் சாதிப்பற்றும் குடியிருக்கிற இடம் என்றுதான் கிராமத்தைச் சொன்னார். அரசியல் சட்டத்துக்கு அடிப்படை தனிமனிதன்தான், கிராமம் இல்லை என்பதில் உறுதியாக இருந்தார். இன்னொரு பக்கம் காந்தியும், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும். கிராமம் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டு, பட்டணத்துக்கு அடிமையாகாமல் நிற்க வேண்டும் என்றார்கள். குமரப்பா காந்தியைவிடக் கணக்குத் தெரிந்தவர். எண்ணெயும் அரிசியும் துணியும் யார் கையில் செய்யப்படுகிறதோ, பணம் அவர்களிடம் தங்கும் என்பதை விளக்கமாக எழுதினார். அதில் உண்மை இருக்கிறது. செக்கு யாருடையது, அந்தக் கிணற்றில் யார் தண்ணீர் மொள்ளலாம் என்ற கேள்வியோ அந்தக் கணக்கின் மையத்தில் இல்லை.

எங்கள் தலைமுறைக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. கிராமம் ஒழியட்டும், நாம் பட்டணத்துக்குப் போவோம் என்று மேடையில் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பட்டணத்துக்குப் போனவன் எங்கே குடியிருந்தான்? கூவம் கரையில் இருந்தான். அங்கிருந்தும் பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். போக முடியாமல் காலனியிலேயே தங்கிவிட்ட அத்தைமார்களுக்கு நம் மேடைப்பேச்சில் என்ன இருந்தது? ஊர் ஒழிகிறவரை காத்திரு என்பதைத் தவிர ஒன்றுமில்லை. கிராமத்தை எழுப்புகிறேன் என்பவனிடம் நம் ஆட்கள் கேள்வி கேட்கலாம். 'நீ என்ன செய்தாய்' என்று அவன் திருப்பிக் கேட்டால் நமக்கும் பதில் வேண்டும்.

இந்த யோசனை என்னைக் குத்தம்பாக்கத்துக்குக் கொண்டுபோனது. அதுவும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். ஏரிக்கரை ஊர் கிடையாது, பூந்தமல்லிக்கு மேற்கே வயற்காட்டு ஊர். அங்கே பிறந்த ரங்கசாமி இளங்கோவைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலித் குடும்பம். வேதிப் பொறியியல் படித்தவர். ஆயில் இந்தியா நிறுவனத்தில் வேலை, பிறகு மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானி. அவர் வளர்ந்த காலத்தில் குத்தம்பாக்கம் கள்ளச்சாராயத்துக்குப் பேர் போன ஊர். சாராயமும் அடிதடியும் பெண்களைப் போட்டு அடிப்பதுமாக இருந்த ஊருக்கு, வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார். 1996இல் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். 2001இல் மறுபடியும் ஜெயித்தார்.

அவர் செய்ததில் தெருவிளக்கு, சாலை, மழைநீர்ச் சேமிப்பு என்று பட்டியல் போடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, கால்வாய்க் கல். ஊருக்குச் சாக்கடைக் கால்வாய் கட்ட வேண்டும். அரசாங்க மதிப்பீட்டில் சொன்ன கல்லுக்குப் பதிலாக, கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட கல்லை வைத்து, ஊர் ஆட்களையே கூலிக்கு வைத்துக் குறைந்த செலவில் கட்டினார். சேரியில் காண்ட்ராக்டர் இல்லாமல் வேலை நடந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். விதியை மீறினார் என்று அவரைப் பதவி நீக்கம் செய்தார்கள். அவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நேர்மைக்குத் தண்டனை என்று இதைச் சொல்வார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். ஒரு தலித் தலைவருக்காக, தலித் அல்லாதவர்களும் உட்கார்ந்திருந்த சபை கை தூக்கியது. இது எத்தனை ஊரில் நடந்திருக்கிறது?

இரண்டாவது, இரட்டை வீடு. மு. கருணாநிதி ஆட்சியில் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடு. 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. குத்தம்பாக்கத்தில் அது 50 இரட்டை வீடாகக் கட்டப்பட்டது. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். போய்ப் பார்த்தேன். பெரிய மாளிகை ஒன்றும் கிடையாது, சாதாரண வீடுகள்தான். ஆனால் எங்கள் பக்கம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருப்பது சுவர்கூட இல்லை, வயல். அந்த வயலின் அகலத்தை ஒரு செங்கல் அகலமாக ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மியில் அரைக்கிறது கேட்கும், குழந்தை அழுகிறது கேட்கும். கேட்டுவிட்ட பிறகு எத்தனை காலத்துக்கு வேற்றாளாக நினைக்க முடியும்?

இளங்கோ தன்னைக் காந்தி, குமரப்பா வழியில் வந்தவராகத்தான் சொல்கிறார். கிராம சுயராஜ்ஜியம் என்பது அவருக்கு ஆகாத வார்த்தை கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் தங்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பை ஒன்றுக்கொன்று செய்து கொடுத்து வாங்கிக்கொண்டால் பணம் வெளியே போகாது என்ற குமரப்பாவின் கணக்கை நடத்திக்காட்டப் பாடுபட்டார். மற்ற பஞ்சாயத்துத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அகாதமியும் ஏற்படுத்தினார். தலித்தாய்ப் பிறந்தவர் காந்தியின் பாஷையில் பேசுகிறாரே என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் அந்தக் கசப்பு இருந்தது. இரட்டை வீட்டின் முன்னால் நின்றபோது குறைந்தது. பேசுகிற பாஷை காந்தியுடையதாக இருக்கலாம். செய்த வேலை அம்பேத்கருடையது. ஊரையும் சேரியையும் அப்படியே வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் அன்பு வளர்க்கச் சொல்வதுதான் பழைய உபதேசம். அவரோ வீட்டு மனையையே கலைத்துப் போட்டார். அதாவது பழைய ஊரை அவர் உயிர்ப்பிக்கவில்லை. அந்த ஊர் எதன்மேல் நின்றதோ அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அங்கே வேறொன்றைத் தொடங்கினார்.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். முடிக்க எனக்கு மனசு வரவில்லை. குத்தம்பாக்கத்துக்கு இளங்கோவைத் தந்த அதே 1996 உள்ளாட்சித் தேர்தல்தான் மேலூர்ப் பக்கம் மேலவளவுக்கு முருகேசனைத் தந்தது. தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு அவர் வந்தார். 1997 ஜூன் 30ஆம் தேதி ஓடுகிற பஸ்ஸை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கு ஊரிலும் 2006 வரை பத்து வருசம் ஒரு தலித்தைத் தலைவராக உட்காரவே விடவில்லை. அங்கெல்லாம் திறமைசாலி இல்லையா, பொறியியல் படித்தவன் இல்லையா என்று கேட்பது எவ்வளவு கேவலமான கேள்வி! எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலேயே, ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தை 2020 சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்ற விடவில்லை. பத்திரிகையில் செய்தி வந்த பிறகு, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். தலைவர் நாற்காலியில் ஆளை உட்கார வைத்த சட்டத்தால் ஒரு கயிற்றை அவர் கையில் கொடுக்க முடியவில்லை.

ஆகவே ஒரு மனிதனின் வெற்றிக்கதையை எடுத்து எல்லாச் சேரிக்கும் மருந்தாகக் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. சமூகத் தொழில்முனைவோர் என்ற சொல்லில் இருக்கிற ஆபத்தும் அதுதான். அது கண்ணை அந்த ஒருவர்மேல் வைக்கிறது. அவரிடம் முனைப்பு இருந்தது, புதுமை இருந்தது, அதனால் ஊர் மாறியது என்று சொல்லிவிட்டால், மாறாத ஊர்களில் முனைப்பு இல்லை என்று ஆகிவிடும். இளங்கோவின் கையில் முனைப்பு மட்டுமா இருந்தது? சட்டம் கொடுத்த பதவி இருந்தது, கிராம சபை இருந்தது, புறம்போக்கும் பஞ்சாயத்துக் கணக்கும் இருந்தது. அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரு நல்ல மனிதர். நல்ல மனிதர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம்.

எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ட்ரெமென்ஹீர் என்று ஒரு கலெக்டர் இருந்தார். பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அவர் கொடுத்த அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்டது. நல்ல மனிதர். நிலமும் வந்தது. ஆனால் அதைக் காப்பாற்றுகிற அதிகாரம் சேரிக்கு வரவில்லை, அதனால் கை மாறிப்போனது. நூறு வருசம் கழித்து அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதிகாரம் இல்லாத கையில் கொடுத்த நன்மை நிற்காது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வெளியாள் வரவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின்னால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று இருளர்கள் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். விஷக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. வெளியாள் கொண்டுவந்தது யோசனை. வித்தை இருளருடையது, சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலும் இருளருடையது. பட்டியலில் யார் பெயர் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் அளக்கிற கோல்.

இப்போது என் பட்டியலுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாக வேலை செய்தேன். சேதக் கணக்கு எடுக்கிற வேலை. ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், குடும்ப எண்ணிக்கை, மீனவர் சங்க உறுப்பினர் எண், இழந்த தொழிற்கருவி. படகு, கட்டுமரம், இன்ஜின், வலை என்று அச்சடித்திருந்தது. எதை இழந்தார்களோ அதற்கு நேராக டிக் போட வேண்டும். குப்பங்களில் எடுத்து முடித்துவிட்டு எங்கள் காலனிக்கு வந்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கலங்கி, இறாலை வாங்க ஆளில்லாமல், அவளுக்கு ஏரியில் வேலை போய் ஒரு மாசம் ஆகியிருந்தது.

"எம்பேரையும் எழுதிக்கடா" என்றாள்.

சங்க உறுப்பினர் எண் இல்லை. தொழிற்கருவிக்கு நேரே என்ன எழுதுவது? கை என்றா? கை சுனாமியில் போகவில்லையே. மேலிடத்தில் கேட்டேன். மீனவர் அல்லாதவர்களைச் சேர்த்தால் குப்பத்துக்காரர்கள் பிரச்சினை செய்வார்கள், இப்போது மோதல் வேண்டாம், உங்கள் ஆட்களுக்கு வேறு திட்டம் வரும் என்றார்கள். நான் பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டேன். அத்தை பெயர் அதில் இல்லை. வேறு திட்டம் வந்தது: தனியாக ஒரு சுயஉதவிக் குழு, கோழிக்குஞ்சு. ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு. இரண்டு குழுவுக்கும் இரண்டு கூட்டம். இரண்டிலும் நான்தான் நோட்டு எழுதினேன். ஐம்பது வருசம் தண்ணீரில் பிழைத்தவளை 'மீனவர் அல்லாதவர்' என்று எழுதிய கை என்னுடையது. சாதியை ஒழிக்க வேண்டும் என்று ராத்திரி கூட்டங்களில் பேசிவிட்டு, பகலில் அதற்குப் புதுசாகப் பதிவேடு போட்டுக் கொடுத்தேன். சம்பளத்துக்காகத்தான் செய்தேன், மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே படவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு அவ்வளவு கெட்டியான போர்வை.

அதனால்தான் அந்தக் கேள்வியை அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். பட்டினவர்கள் மட்டும் வாழ்கிறார்களா? அனல்மின் நிலையமும் துறைமுகமும் வந்து அவர்களும் அடிபடுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது. முகத்துவாரம் தூர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள் வீடுதான். ஏரி சுருங்கிவரும்போது எல்லோரையும் உள்ளே விட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. வேலி போட்டதால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது என்பார்கள். இதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஏரிக்கு ஒரு அளவு உண்டு. எத்தனை வலை என்று கணக்கு வேண்டும். கணக்கு வைப்பதில் அநியாயம் இல்லை. பிறப்பைப் பார்த்துக் கணக்கு வைப்பதுதான் அநியாயம். நூறு வலைக்குத்தான் இடம் என்றால் நூறு வலையே இருக்கட்டும். அந்த நூறில் யார் என்பதை எந்த வயிற்றில் பிறந்தான் என்பதை வைத்து ஏன் தீர்மானிக்க வேண்டும்? பாட்டு முறையில் சீட்டுக் குலுக்குகிறவர்கள் ஏற்கெனவே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: சீட்டுக்குக் கண் கிடையாது, யாரையும் தெரியாது. நாங்கள் கேட்பது அந்தக் குடத்துக்குள் எங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்பதுதான். பாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை.

1927இல் மகாத் குளத்துக்கு அம்பேத்கர் சனங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது, அந்தத் தண்ணீர் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்று போகவில்லை. நாமும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போனார். பழவேற்காட்டிலோ எங்களுக்கு இரண்டுமே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, மானமும் சோறும். கோழிக்குஞ்சு கொடுத்தால் ஒருவேளை சோறு வரும். அதைக் கொடுக்கும்போதே 'உனக்கு ஏரியில் வேலையில்லை' என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். கொடுக்கிறவருக்கு அது கேட்பதில்லை. வாங்குகிறவளுக்குக் கேட்கிறது. 'பயனாளி' என்ற சொல்லை எங்கள் சனங்கள் மேல் ஒட்டுகிறவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும். பயனாளி கேட்டு வாங்க முடியாது, கொடுத்ததைத்தான் வாங்கலாம். பங்காளி சண்டை போடலாம், கணக்குக் கேட்கலாம்.

அந்த இளைஞர் பிறகு ஒருநாள் என்னைத் தேடி வந்தார். தன்னோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு நிபந்தனை சொன்னேன். சந்தைக்கும் பிராண்டுக்கும் முன்னால், குப்பத்துப் பஞ்சாயத்துக்காரர்களையும் எங்கள் சனங்களையும் இருளர்களையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பாடு யாருக்கு என்பதைப் பேச வேண்டும். அதில் பெண்களும் உட்கார வேண்டும். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அது அரசியல் ஆகிவிடுமே, பணம் கொடுக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களே, வேலை தொடங்கவே வருசக்கணக்காகுமே என்றார். எல்லாம் உண்மைதான். உங்கள் திட்டத்தில் அரசியல் இல்லாமல் இல்லை, ஏற்கெனவே ஜெயித்தவர்களின் அரசியல் இருக்கிறது என்று சொன்னேன். சண்டை போடாமல்தான் பிரிந்தோம். யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். இன்னும் வரவில்லை. வந்தாலும் வரலாம்.

அதற்காக நான் காத்திருக்கவில்லை. காலனியிலும் இருளர் குடிசைகளிலும் கையால் தடவிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எத்தனை வருசமாக, எந்த இடத்தில், எந்த மாசத்தில் என்றெல்லாம் கேட்டு எழுதுகிறேன். பழைய படிவத்தில் இல்லாத கட்டத்தை இதில் நானே போட்டேன். தொழிற்கருவிக்கு நேரே 'கை, பறி' என்று இருக்கிறது. முதலில் அத்தையிடம்தான் போனேன். எழுதி முடித்ததும் வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, பெயர் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னாள். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தத் தம்பி திரும்ப வந்தா சொல்லு. மொதல்ல தண்ணியில எங்க பங்கு எவ்ளோன்னு பேசி முடிக்கட்டும். அப்பால மார்க்கெட்டப் பத்திப் பேசலாம்."